ஸ்டேஷனுக்குப் போன பொருளும் மீரட்டில் போன 150 பவுனும்

ஆனை வாய்க்குப் போன கரும்பையும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன வண்டியையும் திரும்பக் கேட்கக் கூடாது என்பார்கள் எங்க ஊர்ப் பக்கம். எங்க ஊர் என்றால் ஆரம்பாக்கம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி, எளாவூர் தாண்டி வரும் கடைசித் தமிழ்நாட்டு ரயில்வே ஸ்டேஷன். அடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா. கிழக்குப் பக்கம் போனால் பழவேற்காடு ஏரி, ஏரியை நம்பி வாழும் மீனவ கிராமங்கள். எல்லை ஊர் என்பதால் பேப்பரில் எங்க ஊர் பேர் வருவதே "ஆரம்பாக்கம் அருகே பறிமுதல்" என்கிற செய்தியில்தான். ஒரு நாள் ரேஷன் அரிசி, ஒரு நாள் கஞ்சா. பிடித்த செய்தி கண்டிப்பாக வரும். பிடித்த பொருள் அப்புறம் என்ன ஆச்சு என்ற செய்தி வரவே வராது.

பிடிப்பதும் திருப்பிக் கொடுப்பதும் ஏரிக்கரைக்குப் புதுசு இல்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டையை 1781இல் இங்கிலீஷ்காரன் பிடித்தான். 1784 ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தான். 1795இல் மறுபடி பிடித்தான், 1818இல் மறுபடி கொடுத்தான். 1825இல் ஒரேயடியாக வாங்கிக்கொண்டான். ராஜாங்கத்துக்கு ராஜாங்கம் என்றால் கோட்டையே திரும்பி வருகிறது. சாதாரண ஆளின் வண்டியோ நகையோ சர்க்கார் கைக்குப் போனால் திரும்பி வருமா? வராமல் போனால் யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு நம்ம நாட்டில் பதில் கிடைத்த கதை கொஞ்சம் நீளம். தமிழில் யாரும் வரிசையாக எழுதி நான் படிக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

கதை எங்க ஊரிலிருந்து ரொம்ப தூரத்தில், உத்தரப்பிரதேசத்து மீரட்டில் ஆரம்பிக்கிறது. 1947 செப்டம்பர் 20. பிரிவினைக் கலவரம் இன்னும் அடங்காத நேரம். அமிர்தசரஸில் தங்கம், வெள்ளி வியாபாரம் செய்த ஒரு நிறுவனத்தின் பங்குதாரர் ரலியா ராம், விற்பதற்காகத் தங்கமும் வெள்ளியும் எடுத்துக்கொண்டு நடுராத்திரி ரயிலில் வந்து இறங்கினார். கடைத்தெருவில் போகும்போது போலீஸ் மடக்கியது. திருட்டுப் பொருளாக இருக்குமோ என்று சந்தேகம். ஆளையும் பொருளையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். தங்கம் மட்டும் 103 தோலாவுக்கு மேல். நம்ம கணக்குக்கு மாற்றினால் சுமார் 150 பவுன். மறுநாள் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. கொஞ்ச நாளில் வெள்ளியும் கிடைத்தது. தங்கம் மட்டும் வரவில்லை.

காரணம் எளிமையானது. ஸ்டேஷனில் பொருள் அறைக்குப் பொறுப்பாக இருந்த ஹெட் கான்ஸ்டபிள், அந்தத் தங்கத்தை எடுத்துக்கொண்டு 1947 அக்டோபர் 17 அன்று பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். நாடு ரெண்டாகப் பிரிந்ததில் யாருக்கு லாபம் என்று கேட்டால் ஒரு ஆளையாவது உறுதியாகச் சொல்லலாம் :-)

வியாபாரி விடவில்லை. "என் தங்கத்தைக் கொடு, இல்லை விலையைக் கொடு" என்று மாநில அரசு மேல் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார். அலகாபாத் ஹைகோர்ட்டில் தோற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1964 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் உட்பட ஐந்து பேர் கொண்ட அமர்வு. போலீஸ் கவனக்குறைவாக இருந்தது உண்மை என்று ஒத்துக்கொண்டார்கள். தங்கத்தை அரசுக் கருவூலத்தில் வைக்காமல் ஸ்டேஷன் அறையிலேயே போட்டு வைத்தது விதிக்கு விரோதம் என்றும் ஒத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு, "ஆனாலும் நஷ்ட ஈடு கிடையாது" என்றார்கள்.

அது எப்படீங்க? இதைப் புரிந்துகொள்ள இன்னும் நூறு வருஷம் பின்னாடி போகணும். கல்கத்தா கிதர்பூரில் அரசாங்கத்தின் கப்பல் பட்டறை. அந்த வழியாகப் பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியின் குதிரை வண்டி போனது. பட்டறை ஆட்கள் தூக்கிப் போன இரும்பு கீழே விழ, சத்தத்தில் மிரண்ட குதிரைக்கு அடிபட்டது. கம்பெனி 350 ரூபாய் கேட்டு வழக்குப் போட்டு, 1861இல் ஜெயித்தது. தீர்ப்பு சொன்ன தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக் அதில் ஒரு கோடு கிழித்தார். பட்டறை நடத்துவது எந்தத் தனியார் கம்பெனியும் செய்கிற வேலை, அதில் தப்பு நடந்தால் அரசு பணம் கட்டணும். ஆனால் அரசாங்கம் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள், அதாவது ராஜ அதிகாரத்தில் செய்வது, வேறு கணக்கு.

குதிரைக்கு நியாயம் கிடைத்தது. அந்தக் கோடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அரசியல் சாசனம் எழுதியபோதும், அரசாங்கத்தின் மேல் பழைய காலத்தில் எந்த அளவுக்கு வழக்குப் போட முடிந்ததோ அதே அளவுக்கு இனியும் போடலாம் என்று 300ஆவது பிரிவில் வைத்துவிட்டார்கள். ஆளைப் பிடிப்பதும் பொருளைக் கைப்பற்றுவதும் ராஜ அதிகாரத்து வேலை. அதனால் வியாபாரியின் 150 பவுனுக்கு யாரும் பொறுப்பில்லை. வெள்ளைக்காரன் போய் பதினேழு வருஷம் ஆன பிறகும் அவன் கிழித்த கோடு! நீதிபதிகளுக்கே இது சங்கடமாகத்தான் இருந்தது. இந்த நிலைமை சரியில்லை, சட்டசபைகள் இதற்கு ஒரு சட்டம் கொண்டுவர யோசிக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதினார்கள். 1965லும் 1967லும் நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. இரண்டுமே சட்டமாகவில்லை.

சட்டசபை செய்யாததைச் சாதாரண மனுஷங்க ஒவ்வொருத்தராக வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தார்கள். இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

முதல் ஆள் மேமன் மகமது ஹாஜி ஹசன். ஜூனாகட் சமஸ்தானத்துச் சுங்கக்காரர்கள் இவருடைய இரண்டு லாரி, ஒரு ஸ்டேஷன் வேகன் எல்லாவற்றையும் பிடித்து வைத்தார்கள். அது செல்லாது என்று மேல்முறையீட்டில் அவருக்குச் சாதகமாக முடிந்தது. வண்டியை எடுக்கப் போனால் வண்டி இல்லை! மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே, உரிமை கோரப்படாத சொத்து என்று சொல்லி மாஜிஸ்ட்ரேட்டிடம் உத்தரவு வாங்கி விற்றுவிட்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 1967இல் இவர் பக்கம் நின்றது. பிடித்து வைத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம் என்று அரசுக்குத் தெரியும், ஆகவே அதுவரை பத்திரமாகக் காப்பது அரசின் கடமை என்றது. எங்க ஊர்ப் பாஷையில் சொன்னால், அடகுக் கடைக்காரருக்கு இருக்கிற பொறுப்பு சர்க்காருக்கும் உண்டு.

இரண்டாவது ஆள் பசவ்வா. அப்போது மைசூர் மாநிலம். வீட்டில் நகை திருட்டுப் போனது. போலீஸ் கண்டுபிடித்து மீட்டது. (இதுவரை சந்தோஷம்.) கோர்ட்டில் காட்டிவிட்டு நகைகளை ஸ்டேஷன் காவலர் அறையில் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்தார்கள். அங்கிருந்து மறுபடியும் காணோம். ஒரே நகை ரெண்டு தடவை களவு போன கதை. பொருள் கோர்ட் கையில் இல்லை, அதனால் கோர்ட் ஒன்றும் செய்ய முடியாது என்று ஹைகோர்ட் வரைக்கும் கைவிரித்தார்கள். 1977இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கோர்ட் முன் காட்டப்பட்ட பொருள், யார் வைத்திருந்தாலும் கோர்ட்டின் பொறுப்பில் இருப்பதாகவே அர்த்தம். தேவை முடிந்ததும் உரியவரிடம் போய்ச் சேர வேண்டும். ஸ்டேஷனில் தேவைக்கு மேல் ஒரு நாளும் இருக்கக் கூடாது. தொலைந்துவிட்டால், தக்க கவனத்தோடு பார்த்துக்கொண்டோம் என்று காட்ட முடியாத அரசு விலையைக் கொடுக்க வேண்டும். பசவ்வாவுக்கு 10,000 ரூபாய் கொடுக்க உத்தரவானது.

மூன்றாவது ஆந்திராவின் நாகேந்திர ராவ். உர வியாபாரி, தானியமும் விற்றவர். 1975இல் அத்தியாவசியப் பொருள் சட்டத்தில் சரக்கைப் பிடித்தார்கள். பெரிய தப்பு எதுவும் இல்லை என்று கடைசியில் சரக்கை விடுவிக்க உத்தரவு வந்தது. போய்ப் பார்த்தால் உரமும் தானியமும் வீணாகிக் கிடந்தன. யாரும் திருடவில்லை, யாரும் விற்கவில்லை, சும்மா போட்டு வைத்ததிலேயே போச்சு. ஹைகோர்ட் அந்த மீரட் தீர்ப்பைக் காட்டி இவர் வழக்கைத் தள்ளியது. 1994இல் உச்ச நீதிமன்றம் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. மக்களாட்சியில் ராஜ அதிகாரம் என்ற பேரைச் சொல்லி அரசு இப்படி ஒதுங்கிக்கொள்ள முடியாது என்றும் விளக்கியது. மீரட் தீர்ப்பை ஐந்து நீதிபதிகள் சொன்னதால் அதைவிடச் சின்ன அமர்வுகள் அதை ரத்து செய்யவில்லை. ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த மூன்று வழக்கும் பொருள் போன பிறகு பணம் கேட்டவை. பொருளே கெடாமல் சீக்கிரம் வர என்ன வழி? அதற்கு வருவதற்கு முன்னால் எங்க பக்கத்து ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்லணும். ஏரியிலிருந்து நண்டும் இறாலும் எடுத்து டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பெட்டி கட்டி விற்கப் போகிறவர். ஒரு விபத்தில் வண்டி ஸ்டேஷனுக்குப் போனது (எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம்). நம்ம ஊர் வழக்கப்படி 'பிரேக் இன்ஸ்பெக்டர்' வந்து வண்டியைப் பார்த்தாயிற்று, ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. அதற்கப்புறம் அந்த வண்டியால் யாருக்கும் ஒரு உபயோகமும் இல்லை. எட்டு மாசம் வெயிலிலும் மழையிலும் நின்றது.

"ஏண்ணே, போய்க் கேக்கலாம்ல?" என்றேன்.

"கேஸ்ல இருக்குது தம்பி. கேஸ் முடிஞ்சாதான் குடுப்பாங்க. நம்ம மேல தப்பு இருக்குதுல்ல, தண்டனைன்னு நெனச்சிக்கிட்டேன்" என்றார்.

எட்டு மாசம் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்த காசு வேறு. அவர் சொன்ன அந்தத் 'தண்டனை'தான் எனக்கு உறைத்தது. எந்தக் கோர்ட்டும் அவருக்குத் தண்டனை கொடுக்கவில்லை. சட்டத்தில் கைப்பற்றுவது வேறு, பறித்துக்கொள்வது வேறு. நாம்தான் இரண்டையும் 'பறிமுதல்' என்று ஒரே வார்த்தையில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்லி, மனுப் போட்டு, ஒரு மாசத்துக்குள் வண்டி வந்தது. பேட்டரி இல்லாமல் வந்தது, அது தனிக் கதை.

அவருக்கு வழிவிட்டது 2002 அக்டோபர் 1 அன்று வந்த ஒரு உச்ச நீதிமன்ற உத்தரவு. பேர் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கு. இன்றைக்கும் வண்டி கேட்டுப் போடும் மனுக்களில் இந்தப் பேரைப் பார்க்கலாம். யாரோ ஏழை வண்டிக்காரர் போராடி வாங்கிய தீர்ப்பு போலிருக்கு என்றுதான் நானும் எதிர்பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். மனுதாரர்கள் போலீஸ்காரர்கள்! குஜராத்தில் ஸ்டேஷனில் இருந்த வழக்குச் சொத்துகளை எடுத்துவிட்டுப் போலிப் பொருள் வைத்தது, பணத்தைக் கையாடியது, அனுமதியில்லாமல் ஏலம் விட்டது என்று அவர்கள் மேல் குற்றச்சாட்டு. தங்களை போலீஸ் காவலில் எடுத்த உத்தரவை எதிர்த்து அவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அந்த விசாரணையில்தான், நாடு முழுக்க ஸ்டேஷன்களில் பொருள் குவிந்து கிடப்பதே இதற்கெல்லாம் இடம் கொடுக்கிறது என்று பார்த்த நீதிபதிகள் விவரமான வழிமுறைகளைக் கொடுத்தார்கள். நகை, பணம் என்றால் விவரப் பட்டியல் எழுதி, போட்டோ எடுத்து, பாண்டு வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிடலாம். விசாரணையில் அந்தப் போட்டோவே சாட்சி. வண்டிகளை ஸ்டேஷனில் நிறுத்தி வைப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஜாமீன் வாங்கிக்கொண்டு விடுங்கள். மொத்தத்தில் எதுவும் பதினைந்து நாளிலிருந்து ஒரு மாசத்துக்கு மேல் ஸ்டேஷனில் கிடக்கக் கூடாது.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டதா? நம்ம சென்னைக் கதை இரண்டு. 2012இல் சென்னையில் ஒரு நிறுவனத்தில் சி.பி.ஐ. சுமார் 400 கிலோ தங்கத்தைக் கைப்பற்றி, அந்த இடத்திலேயே பெட்டகத்தில் சீல் வைத்தது. 2020இல் திறந்து எடை போட்டபோது 103 கிலோ குறைந்தது. அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாடு சி.பி.சி.ஐ.டி.யை விசாரிக்கச் சொன்னது. இது சி.பி.ஐ.க்கு அக்னிப் பரீட்சை என்றால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று நீதிபதி எழுதினார். மீரட்டின் 103 தோலாவிலிருந்து 103 கிலோவுக்கு வந்துவிட்டோம், வளர்ச்சிதானே! இரண்டாவது, 2023இல் ஒரு கஞ்சா வழக்கு. பிடித்தது 22 கிலோ. மிச்சத்தை எலி தின்றுவிட்டது என்று சொல்லப்பட்டு, காட்டுவதற்குச் சரக்கு இல்லாமல் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரும் விடுதலையானார்கள். பொருளைப் பத்திரமாக வைக்காவிட்டால் நஷ்டம் உரிமையாளருக்கு மட்டும் இல்லை, வழக்குக்கும்தான்.

மீனவர்கள் நிலைமை இன்னும் ஒரு படி கீழே. கடலில் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடிக்கும் ராமேஸ்வரம் பக்கத்துப் படகுகளுக்கு, மேலே சொன்ன எந்தத் தீர்ப்பும் செல்லாது. அது வேறு நாட்டுச் சட்டம். ஆள் விடுதலையாகி வருவார், படகு வராது. ஓடாத மரப்படகு உப்புக்காற்றில் என்ன ஆகும் என்று ஏரிக்கரையில் பிறந்தவனுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகளை அங்கே ஏலம் விட்டார்கள். நாகேந்திர ராவின் உரம்தான் நினைவுக்கு வந்தது.

சரி, இப்போதைய நிலவரம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. முன்பு 451, 457 என்று எழுதிய மனுவை இப்போது 497, 503 என்று எழுதுகிறார்கள். 497இல் கெடுவே வைத்திருக்கிறார்கள். கோர்ட் முன் பொருள் வந்த பதினான்கு நாளில் அதன் விவரப் பட்டியல் தயாராக வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் வீடியோவும். அதன் பிறகு முப்பது நாளில் பொருளை என்ன செய்வது என்று உத்தரவு. 2002இல் நீதிபதிகள் சொன்னது இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

ஆனால் பொருள் தானாக நடந்து வீட்டுக்கு வராது. அந்தப் பகுதி மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் மனுப் போடணும். எஃப்.ஐ.ஆர். நகல், மகஜர், வண்டி என்றால் ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், நகை என்றால் கடை ரசீது அல்லது அதைப் போட்டுக்கொண்டு எடுத்த கல்யாண போட்டோவாவது வேணும். விற்க மாட்டேன், உருவத்தை மாற்ற மாட்டேன், கூப்பிட்டால் கொண்டு வருவேன் என்று எழுதிக் கொடுக்கணும். முக்கியமாக, பொருளை எடுக்கும்போது எழுதும் மகஜரில் என்ன இருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பேட்டரி இருந்தது என்று எழுதினால்தான் பேட்டரி இல்லை என்று கேட்க முடியும்! ரேஷன் அரிசி, மதுவிலக்கு, கஞ்சா மாதிரி வழக்குகளில் வண்டியை அரசே எடுத்துக்கொள்ள அந்தந்தச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. அரிசி என்றால் கலெக்டர் தரப்பில்தான் முதலில் போக வேண்டும். எல்லை ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அமிர்தசரஸ் வியாபாரி பதினேழு வருஷம் வழக்காடியும் அவருக்குக் கடைசிவரை ஒரு குந்துமணித் தங்கம் வரவில்லை. ஆனால் அவர் அவ்வளவு தூரம் போய்த் தோற்றதால்தான் அந்தச் சட்டம் எவ்வளவு மோசம் என்று தீர்ப்பிலேயே பதிவானது. அதை வைத்துத்தான் பின்னால் வந்தவர்கள் சண்டை போட்டார்கள். உங்க தெருவில் யாருடைய வண்டியாவது ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தால், அது தண்டனை இல்லை, மனுப் போட்டால் வரும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்க அண்ணனுக்கு அந்த ஒரு வார்த்தை எட்டு மாசம் தாமதமாகத்தான் வந்தது.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, தீர்ப்பு படிக்கிற பழக்கம் உள்ளவன். உங்க கேஸுக்கு உங்க வக்கீலைக் கேளுங்கள்.